முப்பது வயதுச் சர்க்கரையும் மூன்று வயதுப் பயமும்

1969-இல் தில்லி சப்தர்ஜங் மருத்துவமனையின் குழந்தை மருத்துவர் சாந்தி கோஷ் பெரிய வேலை ஒன்றில் இறங்கினார். தெற்கு தில்லியில் 12 சதுர கிலோமீட்டர் பரப்பை எடுத்துக்கொண்டு, அங்கே குடியிருந்த திருமணமான பெண்கள் 20,755 பேரைப் பதிவு செய்தார்கள். ஊழியர்கள் வீடு வீடாகப் போய் மாதவிலக்குத் தேதிகளைக் கேட்டு எழுதினார்கள். யார் கருவுற்றாலும் சீக்கிரமே தெரிந்துவிடும். 1972-க்குள் 8,181 குழந்தைகள் உயிருடன் பிறந்தன. பிறந்து மூன்று நாளுக்குள் தராசும் அளவுப்பலகையுமாக ஊழியர் வாசலில் நிற்பார். முதல் வருடம் மூன்று மாதத்துக்கு ஒரு முறை, பிறகு ஆறு மாதத்துக்கு ஒரு முறை. பிள்ளை பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகும் விடவில்லை. புதுதில்லிப் பிறப்புத் தொடராய்வு என்று மருத்துவ உலகம் இன்று அறிந்திருப்பது இதைத்தான். தங்கள் நகரத்திலேயே நடந்த இந்த வேலையைப் பற்றி, தில்லியில் பல ஆண்டுகளாக வாழும் தமிழர்களிடம் கேட்டாலும் பெரும்பாலோருக்குத் தெரிவதில்லை.

அந்தக் குழந்தைகளில் 1,492 பேரை, அவர்கள் 26 முதல் 32 வயதுக்குள் இருந்தபோது மறுபடி தேடிப் பிடித்துப் பரிசோதித்தார்கள். சந்தோஷ் பார்கவா, ஹர்ஷ்பால் சிங் சச்தேவ், இங்கிலாந்தின் சௌத்தாம்ப்டனிலிருந்து கரோலின் ஃபால் முதலானோர் சேர்ந்து எழுதிய முடிவுகள் 2004-இல் வெளிவந்தன. அந்த இளம் வயதிலேயே 4.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய். இன்னும் 10.8 சதவீதம் பேர் அதன் வாசலில் நின்றார்கள். அவர்கள் எல்லோரும் குண்டுக் குழந்தைகளாக இருந்தவர்கள் என்றுதான் யாரும் நினைப்பார்கள். பழைய பதிவேடுகள் வேறு கதை சொல்லின. இரண்டு வயதுவரை மெலிந்திருந்து, அதற்குப் பிறகு மளமளவென்று சதை போட்ட குழந்தைகள்தான் நோய்க்கு ஆளாகியிருந்தார்கள். 12 வயதில்கூட அவர்களில் ஒருவரையும் பருமன் என்று சொல்ல முடியாது. பார்க்கிற கண்ணுக்கு நல்ல ஆரோக்கியமான பிள்ளைகள்.

முப்பது வயதில் தெரியவரும் நோய் பேச்சு வருவதற்கு முன்பே தன் வேலையைத் தொடங்கிவிடுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான இந்தியச் சான்று எனக்குத் தெரிந்து இல்லை. ஆனால் நம் நாட்டில் இதை ஊட்டச்சத்து என்ற ஒரே கோணத்தில்தான் படித்தோம். எடையையும் உயரத்தையும் வருடக் கணக்கில் அளந்த காலத்தில், வீட்டுக்குள் அடி விழுகிறதா, அம்மா இரவில் தூங்குகிறாளா, அப்பா எந்த நிலையில் வீடு திரும்புகிறார் என்பதையெல்லாம் அளப்பது பரவலான ஆய்வு வழக்கமாக இருக்கவில்லை. குழந்தைப் பருவத்துப் பயமும் துயரமும் பிற்காலத்தில் இதயத்தையும் கணையத்தையும் தொடுமா என்ற கேள்வி அப்போது மருத்துவத்துக்குள் நுழைந்திருக்கவில்லை.

அது நுழைந்தது அமெரிக்காவின் சான் டியேகோவில், உடல் பருமனுக்கான ஒரு சிகிச்சைப் பிரிவு வழியாக. 1980-களின் நடுவில் வின்சென்ட் ஃபெலிட்டி என்ற மருத்துவர் அங்கே எடை குறைப்புத் திட்டம் ஒன்றை நடத்திவந்தார். எடை நன்றாகக் குறைந்துகொண்டிருந்தவர்களே பாதியில் நின்றுபோனது அவருக்குப் புரியாத புதிராக இருந்தது. அவர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசியபோது, சிறுவயதில் பாலியல் கொடுமைக்கு ஆளான கதைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. பலருக்குப் பருமன்தான் பாதுகாப்பாக இருந்திருக்கிறது. ஆண்களின் பார்வை படாமலிருக்க உடம்பைப் பெருக்கிக்கொண்டதாகச் சிலர் சொன்னார்கள். ஃபெலிட்டியும் அமெரிக்க நோய்த் தடுப்பு மையத்தின் ராபர்ட் ஆண்டாவும் சேர்ந்து 1998-இல் வெளியிட்ட ஆய்வு 9,508 பேரிடம் கேட்டது. அடி, வசை, பாலியல் கொடுமை, வீட்டில் தாய் அடிபடுவது, குடியோ போதையோ உள்ள வீடு, மனநோய், சிறை என்று ஏழு வகை. பாதிக்கு மேற்பட்டோர் ஒன்றையாவது அனுபவித்திருந்தார்கள். நான்கும் அதற்கு மேலும் அனுபவித்தவர்களுக்குக் குடிப்பழக்கம், போதை, மனச்சோர்வு, தற்கொலை முயற்சி ஆகியவற்றின் அபாயம் ஒன்றும் அனுபவிக்காதவர்களைவிட 4 முதல் 12 மடங்கு. மருத்துவர்களை நிமிர வைத்தது அடுத்த வரிதான். இதய நோய், புற்றுநோய், நுரையீரல் நோய், கல்லீரல் நோய் எல்லாமே அதே ஏணியில் படிப்படியாக ஏறின. கேட்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் காப்பீடும் படிப்பும் உள்ள நடுத்தர வர்க்கத்தார். வறுமைதான் காரணம் என்று எளிதாக ஒதுக்கிவிட முடியவில்லை.

மனதில் நடந்தது உடம்புக்கு எப்படிப் போகிறது? இதை உருவகமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ரத்தத்தில் அளந்து பார்க்கக்கூடிய விஷயம் இது. இரவு ஒன்பதரைக்குத் தெருமுனையில் கேட்கும் செருப்புச் சத்தத்தை வைத்தே அப்பா இன்றைக்கு எவ்வளவு குடித்திருக்கிறார் என்று கண்டுகொள்ளும் குழந்தைகள் நம் தெருக்களில் ஏராளம். செருப்பு இழுபடுகிறது என்றால் பிரச்சினையில்லை, வந்து விழுந்து தூங்கிவிடுவார். தடதடவென்று வந்தால் இன்றைக்கு அம்மாவுக்கு அடி. சத்தம் காதில் விழுந்த கணமே மூளையின் அடியிலிருக்கும் அமிக்டலா விழித்துக்கொள்கிறது. ஹைப்போதலாமஸிலிருந்து பிட்யூட்டரிக்கும், அங்கிருந்து சிறுநீரகத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பிக்கும் செய்தி போகிறது. அட்ரினலினும் கார்ட்டிசாலும் ரத்தத்தில் இறங்குகின்றன. இதயம் வேகமெடுக்கிறது, கல்லீரல் சேமித்துவைத்த சர்க்கரையை அவிழ்த்துவிடுகிறது, செரிமானம் நின்றுபோகிறது, காயம் பட்டால் சீக்கிரம் உறைவதற்கு ரத்தம் தயாராகிறது. நாய் துரத்தும்போது இதுவே உயிரைக் காப்பாற்றும். ஓடி முடித்ததும் எல்லாம் தணியும். இந்தக் குழந்தையோ ஓடுவதில்லை. போர்வைக்குள் அசையாமல் தூங்குவதுபோலப் படுத்திருக்கிறது. அவிழ்த்துவிட்ட சர்க்கரை செலவாவதில்லை. நாளைக்கும் அதே ஒன்பதரை, அதே சத்தம்.

இப்படி வருடக் கணக்கில் நடந்தால் உடம்பு அதையே இயல்பு நிலையாக எடுத்துக்கொள்கிறது. அமெரிக்க நரம்பியலாளர் ப்ரூஸ் மெக்யூவன் இந்தத் தேய்மானத்தைத்தான் தன் ஆய்வு வாழ்க்கையின் பெரும்பகுதி விவரித்தார். கார்ட்டிசால் போதும் நிறுத்து என்று சொல்லும் ஏற்பாடு மூளையின் ஹிப்போகாம்பஸில் இருக்கிறது. தொடர்ந்த நெருக்கடியில் அதுவே நலிகிறது. சிலருக்குக் கார்ட்டிசால் எப்போதும் உயர்ந்தே இருக்கும். வேறு சிலருக்கு எதிர்மாறாக, ஓங்க வேண்டிய நேரத்திலும் ஓங்காமல் மழுங்கிப்போகும். இரண்டுமே கேடு. கார்ட்டிசாலுக்கு அழற்சியை அடக்கிவைக்கும் வேலையும் உண்டு. அது தவறும்போது உடம்பில் தொற்று எதுவும் இல்லாமலே ஒரு மெல்லிய அழற்சி கனன்றுகொண்டிருக்கும். நியூசிலாந்தின் டனீடின் நகரில் 1972-73-இல் பிறந்த 1,037 பேரை இன்றுவரை பின்தொடரும் ஆய்வு ஒன்று உண்டு. சிறுவயதில் கொடுமைக்கு ஆளானவர்களின் ரத்தத்தில், 32 வயதிலும் அழற்சியைக் காட்டும் சி-ரியாக்டிவ் புரதம் கூடுதலாக இருந்ததாக அந்த ஆய்வாளர்கள் 2007-இல் எழுதினார்கள். ரத்தக் குழாய்ச் சுவரில் கொழுப்பு படிவதற்கும், இன்சுலின் சரியாக வேலை செய்யாமல் போவதற்கும் இந்தக் கனலுக்குப் பங்குண்டு.

இரண்டாவது பாதை பழக்கங்கள். பதினைந்து வயதில் பீடியோ ஹான்ஸ் புகையிலையோ பழகும் பையனுக்கு அதில் கிடைப்பது வெறும் வேடிக்கையல்ல. கலங்கிய நரம்புகளைச் சற்று நேரம் அடக்கிவைக்கும் மருந்தாகவும் அது இருக்கிறது. ஃபெலிட்டி இதைத் திரும்பத் திரும்பச் சொன்னார். நம் மருத்துவமனைகளில் அதே ஆள் நாற்பது வயதில் நெஞ்சுவலியோடு வரும்போது, "ஏன்யா குடிச்சே?" என்று கேட்கிறோம். எப்போது ஆரம்பித்தது, அப்போது வீட்டில் என்ன நடந்தது என்று கேட்பதில்லை.

சர்க்கரை நோயாளிகள் இந்தியாவில் 10.1 கோடிப் பேர் என்று ஐ.சி.எம்.ஆருக்காகச் சென்னை நீரிழிவு ஆய்வு நிறுவனம் முன்னின்று நடத்திய ஆய்வு 2023-இல் சொன்னது. சோறு, பரம்பரை, நடக்காதது ஆகிய மூன்றையும் தாண்டி நம் பேச்சு போவதில்லை. புதுதில்லித் தொடராய்வின் மெலிந்த குழந்தையையும், போர்வைக்குள் கிடக்கும் குழந்தையையும் நான் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். வெவ்வேறு வழியில் கிளம்பினாலும் இருவரும் போய்ச்சேருவது இன்சுலின் தடுமாறும் அதே இடத்துக்கு. நம் ஊரில் பெரும்பாலும் இரண்டும் ஒரே குழந்தைதான். இந்த இணைப்பை ஒரே ஆய்வு முழுமையாக நிரூபித்துவிடவில்லை. தனித்தனிச் சான்றுகளைச் சேர்த்து நான் வரும் முடிவு இது. ஆனால் இடையிலுள்ள கண்ணி ஒன்று உறுதியாகத் தெரியும். கோவாவில் விக்ரம் படேல் குழுவினர் 2003-இல் வெளியிட்ட ஆய்வில், பிரசவத்துக்குப் பின் மனச்சோர்வில் விழுந்த தாய்மார்களின் குழந்தைகள் ஆறு மாதத்தில் எடை குறைந்திருப்பது மற்ற குழந்தைகளைவிட இரண்டு மடங்குக்கு மேல். தாய் அழுத வீட்டில் குழந்தை மெலிகிறது. தராசில் தெரியும் எடைக் குறைவுக்குப் பின்னால் அரிசிப் பானை மட்டுமல்ல, ஒரு மனுஷியின் உறங்காத இரவுகளும் இருக்கின்றன. ஊட்டச்சத்துக்கு ஒரு துறை, மனநலத்துக்கு ஒரு துறை, பெண்கள் மீதான வன்முறைக்கு ஒரு துறை என்று பிரித்துவைத்ததால்தான் இதைக் காண இத்தனை காலம் ஆயிற்று என்பது என் எண்ணம்.

நம்மிடம் எண்கள் இல்லாமலில்லை. மத்திய பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2007-இல் வெளியிட்ட ஆய்வு 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் பேசியது. தில்லியைச் சேர்ந்த பிரயாஸ் அமைப்பு நடத்திய களப்பணி அது. மூன்றில் இரண்டு குழந்தைகள் உடல்ரீதியான வன்முறையை அனுபவித்திருந்தார்கள். 53.22 சதவீதம் பேர் ஏதோ ஒரு வகைப் பாலியல் கொடுமையைச் சொன்னார்கள். பள்ளிக்கூடம் போகிறவர்களில் 65 சதவீதம் பேர் அங்கே அடி வாங்கியிருந்தார்கள். அதற்கு ஒரு வருடம் முன்பு சென்னையில் துளிர் அமைப்பு 2,211 பள்ளிப் பிள்ளைகளிடம் கேட்டபோது 42 சதவீதம் பேர் பாலியல் கொடுமையைச் சொன்னார்கள். சிறுமிகளைவிடச் சிறுவர்களே அதிகம். ஆண்பிள்ளைக்கு என்ன ஆகிவிடப்போகிறது என்று நம்பிக்கொண்டிருந்த சமூகத்துக்கு அது பேரதிர்ச்சி. இந்த எண்களெல்லாம் குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012-இன் போக்சோ சட்டத்துக்கு வழி செய்தன. கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு பள்ளிகளில் அடிப்பதைத் தடை செய்தது. சட்டம் குற்றவாளியைத் தேடுகிறது, அது அவசியம். அடிபட்ட குழந்தையின் ரத்த அழுத்தத்தை இருபது வருடம் கழித்து யார் பார்ப்பது என்பது சட்டத்தின் கேள்வியாக இருக்க முடியாது. சுகாதாரத் துறை அதைத் தன் கேள்வியாக எடுத்துக்கொள்ளவும் இல்லை.

ஈழத்தமிழ்க் குழந்தைகளைப் பற்றிய ஆய்வு ஒன்று இந்த விஷயத்தில் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. இலங்கையின் வடகிழக்கில் 296 தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகளிடம் ஜெர்மானிய ஆய்வாளர்களும் உள்ளூர் ஆலோசகர்களும் நடத்திய நேர்காணல்களின் முடிவுகள் 2008-இல் வெளிவந்தன. 82.4 சதவீதப் பிள்ளைகள் போரின் ஒரு கொடுமையையாவது கண்டிருந்தார்கள். ஆனால் 95.6 சதவீதம் பேர் வீட்டுக்குள்ளும் வன்முறையை அனுபவித்திருந்தார்கள். ஷெல் விழுந்த வீட்டிலேயே அப்பாவின் குடியும் கைநீட்டலும் கூடியிருந்தன. பத்தில் மூன்று பிள்ளைகளுக்கு அதிர்ச்சிக்குப் பிந்தைய மனநோயின் அறிகுறிகள் இருந்தன. போர் வாசலுக்கு வெளியே நின்றுவிடுவதில்லை, தகப்பனின் கைகள் வழியாகக் குழந்தையின் முதுகுக்கு வருகிறது என்பதை இந்த எண்கள் காட்டுகின்றன. யாழ்ப்பாணத்தின் மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் பல ஆண்டுகளாக வலியுறுத்துவதும் இதையொட்டியதே. காயம் தனி ஆளுக்கு மட்டும் பட்டதல்ல. குடும்பமும் கிராமமும் அயலும் சிதைந்திருக்கின்றன. சிகிச்சையும் அங்கேதான் தொடங்க வேண்டும்.

இந்தப் பார்வையோடு தில்லியைப் பார்த்தால், அமெரிக்கக் கேள்வித்தாளில் இடம்பெறாத ஓர் அடி கண்ணில் படுகிறது. ஜங்புராவில் பாராபுல்லா வாய்க்கால் ஓரம் இருந்த மதராஸி கேம்ப்பைப் பத்திரிகை படிப்பவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். தலைமுறைகளாகத் தமிழர்கள் வாழ்ந்த குடியிருப்பு. உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2025 ஜூன் 1 அன்று புல்டோசர்கள் வந்தன. சுமார் 370 வீடுகள் போயின. தகுதி பெற்றதாகக் கணக்கிடப்பட்டவர்களுக்கு நகரத்தின் வடகோடியில் நரேலாவில் வீடு, மற்றவர்களுக்கு அதுவுமில்லை. அங்கிருந்த பிள்ளைகள் பலர் தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் லோதி எஸ்டேட் பள்ளிக்குப் போய்வந்தவர்கள். சுவர் இடிந்தது ஒரு பக்கம். அம்மா வேலைக்குப் போன நேரத்தில் குழந்தையை மடியில் வைத்திருந்த பக்கத்து வீட்டு அத்தையை, பள்ளிவிட்டு வந்தால் தட்டில் ஏதாவது வைத்த பாட்டியை அந்தக் குழந்தை இழந்தது இன்னொரு பக்கம். அம்மாவுக்கு வீட்டு வேலை கிடைத்த காலனிகள் பல மணி நேரப் பேருந்துத் தொலைவுக்குப் போய்விட்டன. அவள் இனி இருட்டில் கிளம்பி இருட்டில் திரும்புவாள். சாணக்யபுரியின் விவேகானந்த் கேம்ப்பிலும் சஞ்சய் கேம்ப்பிலும் வளரும் பிள்ளைகளின் அம்மாக்களும் இதே வேலையைத்தான் செய்கிறார்கள். பெரிய பங்களாக்களின் பின்கட்டில் வாடகைக்குப் பதில் உழைப்பு என்ற பேச்சில் குடியிருக்கும் குடும்பங்களும் உண்டு. அங்கே அம்மாவின் வேலை போனால் அன்றைக்கே வீடும் போகும். நாளைக்கு எங்கே இருப்போம் என்பது தெரியாத வீட்டில் அடியே விழாவிட்டாலும் குழந்தை பயத்தில்தான் வளர்கிறது. உலக சுகாதார நிறுவனம் பல நாடுகளுக்குப் பொருந்தும்படி தயாரித்த கேள்வித்தாளில் தெருச்சண்டை, சக மாணவர்களின் கொடுமை, போர், கலவரம் ஆகியவை சேர்ந்தது நல்ல திருத்தம். தில்லிக்கு இன்னும் கூட்ட வேண்டியிருக்கிறது.

இந்த ஆராய்ச்சித் துறைமீது நியாயமான சந்தேகங்கள் எழுந்திருக்கின்றன. பெரியவர்களிடம் சிறுவயதைக் கேட்டு எழுதிய ஆய்வுகளையும், குழந்தையாக இருக்கும்போதே பதிவு செய்த ஆய்வுகளையும் 2019-இல் ஒப்பிட்டார்கள். இரண்டும் பெரும்பாலும் வெவ்வேறு ஆட்களைச் சுட்டுகின்றன. நினைவு தன் இன்றைய நிலையின் நிறத்தில்தான் நேற்றைப் பார்க்கிறது. ஆகவே நினைவை மட்டும் நம்பிக் காரண காரியம் பேசக் கூடாது. டனீடின், புதுதில்லி போலப் பிறப்பிலிருந்து பின்தொடரும் ஆய்வுகளுக்கு இதனால்தான் மதிப்பு. இன்னொரு தவறான போக்கு மதிப்பெண் போடுவது. உனக்கு ஆறு, எனக்கு இரண்டு என்று ஆளுக்கொரு எண் கொடுத்து எதிர்காலத்தைச் சொல்லும் பழக்கம் அமெரிக்காவில் பரவியது. பத்து வருடம் அடிபட்டவளுக்கும் ஒரு முறை அடிபட்டவனுக்கும் ஒரே மதிப்பெண்தான் வரும். ராபர்ட் ஆண்டாவே 2020-இல் இந்த எண் மக்கள்தொகையைப் புரிந்துகொள்ளத்தான், தனி ஆளைக் கணிக்க அல்ல என்று எழுதினார். நம் ஊரில் இது இன்னும் ஆபத்து. ஜாதகம் சரியில்லை என்று ஒதுக்கிய இடத்தில் மதிப்பெண் சரியில்லை என்று ஒதுக்க ஆள் வந்துவிடும். மரபணுவின் மேல் பட்ட காயம் பேரன் பேத்திவரை போகும் என்ற பேச்சும் இப்போது அதிகம் கேட்கிறது. எலிகளில் வலுவான சான்று உண்டு. மனிதர்களில் அந்த அளவுக்கு இல்லை. ஒரு தாயிடம் போய் உன் பயம் உன் பேத்தியின் ரத்தத்தில் இருக்கிறது என்று சொல்லும் உரிமையை விஞ்ஞானம் இன்னும் யாருக்கும் தரவில்லை.

அந்த எலிகள் சொன்ன நல்ல செய்திதான் எனக்கு முக்கியம். மான்ட்ரியலில் மைக்கேல் மீனியின் ஆய்வகத்தில் குட்டிகளை நிறைய நக்கிக்கொடுக்கும் தாய் எலிகளையும் குறைவாக நக்கும் எலிகளையும் பிரித்துப் பார்த்தார்கள். நிறைய நக்கப்பட்ட குட்டிகள் வளர்ந்தபின் நெருக்கடியில் சீக்கிரம் அமைதியடைந்தன. அக்கறையில்லாத தாய்க்குப் பிறந்த குட்டியை அக்கறையுள்ள தாயிடம் விட்டபோது அதுவும் அமைதியான எலியாகவே வளர்ந்தது. பிறப்பைவிட அரவணைப்பு வென்றது. ருமேனியாவில் சௌசெஸ்கு ஆட்சியின் விளைவாக அரசு விடுதிகளில் கிடந்த குழந்தைகளில் 136 பேரை வைத்து 2000-இல் புகாரெஸ்டில் தொடங்கிய ஆய்வு இதையே மனிதரில் காட்டியது. பாதிப்பேரைக் குலுக்கல் முறையில் வளர்ப்புக் குடும்பங்களிடம் கொடுத்தார்கள். 12 வயதில் பார்த்தபோது விடுதியிலேயே தங்கியவர்களின் கார்ட்டிசால் மழுங்கியிருந்தது. இரண்டு வயதுக்குள் ஒரு குடும்பத்துக்குப் போனவர்களுக்கு அது சொந்த வீட்டில் வளர்ந்த குழந்தைகளைப் போலவே வேலை செய்தது. ஹவாயின் கவாய் தீவில் 1955-இல் பிறந்த 698 குழந்தைகளைப் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்த எமி வெர்னர், மோசமான சூழலில் வளர்ந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் நன்றாக வாழ்வதைக் கண்டார். அவர்கள் வாழ்க்கையில் பெரும்பாலும் விட்டுவிடாமல் நின்ற ஒரு பெரியவர் இருந்தார். பாட்டியோ மாமாவோ பள்ளி ஆசிரியரோ. மதராஸி கேம்ப்பின் அத்தையை நான் சாதாரணமாகக் குறிப்பிடவில்லை. உடலியலின் கணக்கில் அவள் ஒரு மருந்து.

தில்லியிலேயே இதற்கு வழி காட்டியவர்கள் உண்டு. சாந்தி கோஷ் குழந்தைகளை எடை பார்க்கத் தொடங்கிய அதே 1969-இல், ராஜ்காட் அருகே காந்தி நூற்றாண்டுக் கண்காட்சிக்குக் கட்டட வேலை நடந்துகொண்டிருந்த இடத்தில், புழுதியில் கிடந்த கைக்குழந்தைகளைப் பார்த்து மீரா மகாதேவன் ஒரு கூடாரத்தில் குழந்தைகள் காப்பகம் தொடங்கினார். மொபைல் க்ரெஷ் என்ற அமைப்பு அப்படிப் பிறந்தது. சித்தாள் வேலை செய்யும் தாய்க்குப் பால் கொடுக்க இடம், குழந்தைக்கு நாள் முழுக்க ஒரே முகம், ஒரே குரல். இன்று படிக்கும்போது, கார்ட்டிசாலைப் பற்றித் தெரிந்துகொண்டே வகுத்த திட்டம்போல இருக்கிறது. 2025 நவம்பர் வரை நடைமுறையில் இருந்த, கட்டடத் தொழிலாளர்களுக்கான 1996-ஆம் ஆண்டுச் சட்டம், 50-க்கு மேற்பட்ட பெண்கள் வேலை செய்யும் இடத்தில் காப்பகம் கட்டாயம் என்றது. பல இடங்களில் கணவன் பேரில் ஜோடிக் கூலி எழுதுவதால் பெண்ணின் பெயரே ஏட்டில் ஏறுவதில்லை. அங்கெல்லாம் ஐம்பது என்ற எண்ணிக்கை எட்டியதே இல்லை. இப்படியொரு வரம்பே இருக்கக் கூடாது என்பதில் எனக்குச் சந்தேகம் கிடையாது.

பெரியவர்களைத் தாங்கினால் குழந்தை தேறும் என்பதற்கு அண்டை நாட்டிலும் சான்று இருக்கிறது. பாகிஸ்தானின் ராவல்பிண்டி கிராமங்களில் பள்ளிக்கூடம் வரை படித்த சுகாதாரப் பணிப்பெண்களுக்குச் சில நாள் பயிற்சி கொடுத்து, மனச்சோர்வுள்ள கர்ப்பிணிகளோடு உட்கார்ந்து பேசவைத்தார்கள். 2008-இல் வந்த முடிவு: ஆறு மாதக் கைக்குழந்தையோடு இருந்த தாய்மாரில், வழக்கமான கவனிப்பு பெற்றவர்களில் 53 சதவீதம் பேர் இன்னும் சோர்விலிருந்தார்கள், பேச ஆள் கிடைத்தவர்களில் 23 சதவீதம். குழந்தையின் எடையில் பெரிய வித்தியாசம் வரவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆனால் வயிற்றுப்போக்கு குறைந்தது, தடுப்பூசி கூடியது. பீகாரில் நாளந்தா மாவட்டத்தின் 74 அரசுப் பள்ளிகளில் நடந்த ஆய்வு 2018-இல் வெளிவந்தது. சாதாரணப் பட்டதாரி ஒருவரைப் பயிற்றுவித்துப் பிள்ளைகளுக்கு ஆலோசகராக அமர்த்திய பள்ளிகளில் மனச்சோர்வும் வன்முறையும் குறைந்தன. அதே வேலையை ஆசிரியர் தலையில் கூடுதலாக ஏற்றிய பள்ளிகளில் ஒன்றும் மாறவில்லை. இருக்கிறவர் மேலேயே எல்லாவற்றையும் சுமத்தும் நம் அரசுப் பழக்கம் இதைப் படித்தாலாவது மாற வேண்டும்.

அதனால் அங்கன்வாடிக்கு வருகிறேன். தாய்சேய் அட்டையில் வளர்ச்சி வரைபடம் இருக்கிறது. குழந்தையின் கோடு கீழே சரிந்தால் சத்துமாவு கொடுக்கிறோம். அத்தோடு தாயைத் தனியே உட்காரவைத்து, தூக்கம் வருகிறதா, பகலில் குழந்தையை யார் பார்த்துக்கொள்கிறார்கள், வீட்டில் உனக்குப் பயமாக இருக்கிறதா என்று மூன்று கேள்வி கேட்கலாம். கேட்டுவிட்டு அனுப்பிவிடக் கூடாது. அனுப்புவதற்கு ஒரு காப்பகமும், பேசுவதற்கு ஓர் ஆளும், அடிப்பவனிடமிருந்து ஒதுங்க ஓர் இடமும் வேண்டும். பெரியவர்களின் சர்க்கரை மருத்துவமனையிலும் மருத்துவர் சிறுவயதைப் பற்றி ஒரு கேள்வி கேட்கலாம், எண் போடுவதற்காக அல்ல, மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடாதவரை அதட்டுவதற்கு முன் அவரைப் புரிந்துகொள்வதற்காக. இந்தக் கேள்விகளில் மிகக் கனமானவை அங்கன்வாடிப் பணியாளரின் மடியில்தான் விழும். 2018-இல் மத்திய அரசு நிர்ணயித்த அவருடைய மதிப்பூதியம் மாதம் 4,500 ரூபாய். மாநிலங்கள் மேலே கொஞ்சம் சேர்க்கின்றன. தடுப்பூசிப் பட்டியல், சத்துமாவுக் கணக்கு, செல்போன் செயலியில் பதிவு, தேர்தல் வேலை எல்லாம் ஏற்கெனவே அவர் தலையில். ஒரு தாயின் பயத்தை அரை மணி நேரம் உட்கார்ந்து கேட்கும் வேலையை அவரிடம் கொடுப்பதானால், அந்த அரை மணி நேரத்துக்கு இன்னொரு ஆளும் உரிய சம்பளமும் அதே உத்தரவில் சேர்ந்து வர வேண்டும்.